மாட்டு ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடலாமா?

கேள்வி: 12 கிலோ நாட்டு நாய். காது ஓரத்திலும் முழங்கையிலும் சொறி, உண்ணியும் இருக்கு. மாட்டுக்கு வாங்கின 1% ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து) கைவசம் இருக்கு. 1 மில்லி போடலாமா?

பதில் 1: வேண்டாம். 1 மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. அது 50 கிலோ எடைக்கான அளவு. சொறிக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கிலோவுக்கு 0.2 மி.கி.யில் ஆரம்பிப்பாங்க. 12 கிலோவுக்கு 0.24 மில்லிதான், தோலுக்கடியில். இதை 5 மில்லி சிரிஞ்சில் அளக்கவே முடியாது. இன்சுலின் சிரிஞ்சிலும் ஒரு சிக்கல்: யு-100ல் (1 மில்லிக்கு 100 யூனிட்) 24 யூனிட் குறி சரி. அதே 24 யூனிட் யு-40ல் (1 மில்லிக்கு 40 யூனிட்) 0.6 மில்லி, இரண்டரை மடங்கு. சிரிஞ்சு மேல எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு எடுங்க.

பதில் 2: கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் கலப்பு இருந்தா தொடவே கூடாது. மரபணுக் குறையால மருந்து மூளைக்குள்ள போயிடும். முதல்ல தோல் சுரண்டல் பரிசோதனையும் இதயப்புழு பரிசோதனையும் செய்யுங்க. கண்மணி விரியுது, தள்ளாடுது, எச்சில் வடியுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. இந்த விஷத்தை முறிக்கிற மருந்து கிடையாது.

பதில் 3: உண்ணிக்கு இதை நம்பாதீங்க. அதுக்கு 12.5% அமிட்ராஸ்ங்கிற உண்ணி மருந்து, லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி, அதுக்கு மேல வேண்டாம். கண், வாய், புண் தவிர்த்து, கையுறை போட்டுத் தடவி, அலசாம காயவிடணும். காயும்வரை நக்கக்கூடாது. குட்டிக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் ஆகாது. ஊசியையும் அமிட்ராஸையும் ஒரே நாளில் செய்யாதீங்க. ஏதாவது ஆனா எதனாலன்னே தெரியாது.