இன்குபேட்டரைத் துடைக்க எதைப் பயன்படுத்துவது?

கேள்வி (செவிலியர், தண்டையார்பேட்டை)

ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் இன்குபேட்டர்கள் இரண்டின் மேல்மூடி மங்கலாகி, மூலைகளில் மெல்லிய வெடிப்புகள் தோன்றியுள்ளன. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதே காரணம் என்கிறார்கள். மேற்பார்வையாளரோ, குழந்தை உள்ளே இருக்கும்போதும் தினமும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும் என்கிறார். துப்புரவுப் பணியாளர்கள் சில நாள்களில் தரைக்கு வைத்திருக்கும் பினாயிலையே எடுத்து வந்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டிய குறைமாதக் குழந்தைகள் இருக்கையில், எப்போது, எதைக் கொண்டு, எதுவரை கழற்றிச் சுத்தம் செய்வது என்று விளக்குவீர்களா?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர், இராயபுரம்)

சிஸ்டர், முதலில் பினாயிலை அந்த அறைக்கு வெளியே நிறுத்துங்கள். ஃபீனால் வகைக் கிருமிநாசினி பயன்படுத்தப்பட்ட பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குழந்தைகளின் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவு கூடி மஞ்சள் காமாலை மிகுந்ததை 1970களின் இறுதியிலேயே அமெரிக்காவில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். மூடிய பெட்டிக்குள் வெதுவெதுப்பான காற்று சுழன்றுகொண்டே இருப்பதால், பரப்பில் தங்கிய மருந்து ஆவியாகிக் குழந்தையின் மூச்சிலும், இன்னும் முற்றாத தோலிலும் போய்ச் சேருகிறது. இது ஃபீனாலுக்கு மட்டும் உரிய விதியன்று; குழந்தை உள்ளே இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியாலும் இன்குபேட்டரைத் துடைக்கக் கூடாது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். மேற்பார்வையாளரிடம் இதையே காட்டலாம்.

அப்படியானால் தினமும் என்ன செய்வது? சுத்தமான நீரில், தேவைப்பட்டால் மென்மையான சோப்புக் கரைசலில், நனைத்துப் பிழிந்த துணி போதும். சோப்பு பட்ட இடத்தை மறுபடி வெறும் நீரால் துடைத்துவிடுங்கள். கைவிடும் துவாரங்களின் கதவுகளையும் தாழ்களையும் பலரும் மறந்துவிடுகிறார்கள். எல்லோர் கையும் படுவது அங்கேதான். நெடுநாள் இருக்கும் குழந்தையை வாரம் ஒருமுறை வேறொரு சுத்தமான இன்குபேட்டருக்கு மாற்றுவதே பரவலான நடைமுறை. புதியதை முன்கூட்டியே சூடேற்றி, இருவர் சேர்ந்து மாற்றினால் குழந்தையின் உடல் குளிராது.

பதில் 2 (பயோமெடிக்கல் பொறியாளர்)

மேல்மூடி அக்ரிலிக்கால் ஆனது; ஸ்பிரிட் படப்பட அதில் வெடிப்பு விடும். வெடித்ததை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். வெடிப்புகளுக்குள் அழுக்கு தங்கினால் எந்தத் துணியும் எட்டாது. ஹைப்போ (குளோரின் கலந்த ப்ளீச் கரைசல்) உலோகப் பாகங்களை அரிக்கும் என்பதால் அதையும் தவிர்க்கச் சொல்வேன்.

குழந்தையை வேறு இன்குபேட்டருக்கு மாற்றிய பிறகோ, குழந்தை வீட்டுக்குச் சென்ற பிறகோ செய்வதே முழுமையான சுத்தம். மின் இணைப்பைத் துண்டித்து, ஹீட்டர் ஆறிய பின், மெத்தை, தட்டு, துவாரங்களின் ரப்பர் கேஸ்கட் (இடைவெளியை அடைக்கும் வளையம்), ஈரப்பதத் தொட்டி, தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் விசிறி வரை கழற்ற வேண்டும். வெளிப்புறம் பளபளக்கும் பெட்டிகளில்கூட விசிறி இதழ்களில் பஞ்சும் தூசியும் அப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மெத்தையின் உறை கிழிந்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள்.

நம் பகுதிக்கென்று இரண்டு செய்திகள் உண்டு. கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதைத் தொட்டியில் ஊற்றினால் உப்புப் படியும், அந்தச் சொரசொரப்பில் கிருமி ஒட்டிக்கொள்ளும். ஸ்டெரைல் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மேலே மேலே ஊற்றி நிரப்பும் வழக்கம் வேண்டாம். அடுத்தது காற்று ஃபில்டர். பல தயாரிப்பாளர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிச் சாம்பல் கலந்த காற்றில் அதற்கு முன்பே அது கறுத்துவிடக்கூடும், ஆகவே நாள்காட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முழுமையாகக் கழற்றியபின் எந்தக் கிருமிநாசினி ஏற்றது? மாதந்தோறும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் பரப்பிலிருந்து மாதிரி) எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்சோதனைக்கு அனுப்புமாறும் நிர்வாகம் கேட்கிறது.

பதில் 3 (நுண்ணுயிரியல் துறை மருத்துவர்)

காலி இன்குபேட்டருக்குக் குவாட்டர்னரி அமோனியம் வகையோ ஹைட்ரஜன் பெராக்சைடு வகையோ பொதுவாக ஏற்றவை. கையேட்டின் ஒப்புதல் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். ஆனால் எந்த மருந்து என்பதை விட முன்பின் செய்வதுதான் பெரிது. சோப்பு நீரால் அழுக்கையும் பால் கறையையும் நீக்காமல் மருந்து பூசினால், அடியில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் அப்படியே இருக்கும். குப்பியில் எழுதியுள்ள நேரம் முழுவதும் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். உடனே துடைத்து எடுத்தால் பயனில்லை. பின்னர் நீரால் நன்கு துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களை இந்தப் பிரிவுகளில் அடிக்கடி சந்திக்கிறோம். இவற்றுள் சூடோமோனாஸ் ஈரத்தை விரும்புவது என்றால், அசினிடோபாக்டர் உலர்ந்த பரப்பிலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே உலர்த்துவதும் தேய்த்துக் கழுவுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஃபார்மலின் புகையிடும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள்.

நோய்த்தொற்று கொத்தாகத் தோன்றாத நிலையில் மாதாந்திர ஸ்வாப் தேவையில்லை. ஒரு பரப்பில் ஏதேனும் வளர்வது இயல்பு. அந்த முடிவை வைத்து என்ன செய்வீர்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அந்தப் பணத்தில் இரண்டாவது ஃபில்டரும் மெத்தை உறைகளும் வாங்கலாம். ஒரே கிருமி இரண்டு, மூன்று குழந்தைகளின் இரத்தத்தில் வந்தால் மட்டும் தொட்டி, கேஸ்கட், மெத்தை ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுங்கள், அப்போது தாமதிக்காதீர்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒன்று விட்டுப்போனது. கழற்றும் வேலை செவிலியருடையதா, துப்புரவுப் பணியாளருடையதா என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். சுத்தம் முடிந்த தேதியையும் செய்தவர் கையொப்பத்தையும் ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். சீட்டில்லாத இன்குபேட்டரில் குழந்தையை வைக்காதீர்கள்.