மறு: ஒலியடக்கி பொருத்தும் பட்டைக் கிளாம்ப்புக்கு ‘பூண்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கார் ஒலியடக்கியை (சைலன்சர்) புகைக்குழாயோடு பொருத்தும் பட்டைக் கிளாம்ப்புக்குத் தமிழில் ‘பூண்’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> கிளாம்ப் எதுவானாலும் ‘கவ்வி’ போதுமே. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் மாணவர்களுக்கும் எளிது.

கிள்ளான் ஐயா கேட்டது நியாயம்தான். ஆனால் இங்கே இருப்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு. பிறையில் மாலை நேரத்தில் கார் வேலை பழகும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய ஒலியடக்கி துருப்பிடித்துப் போய்விட்டது, புதியதைக் குழாயோடு எப்படிச் சேர்ப்பது? பற்றவைக்கலாம், யூ-போல்ட் (U வடிவில் வளைந்த போல்ட்) போட்டு முடுக்கலாம், பட்டைக் கிளாம்ப் போடலாம். கடைசி இரண்டையும் ‘கவ்வி’ என்றே எழுதினால், எதை வாங்கச் சொல்கிறேன் என்று பையனுக்குத் தெரியாது.

இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்பதை என் பழைய காரிலேயே பார்த்தேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு பட்டறையில் யூ-போல்ட் போட்டு, நட்டை வலுவுள்ள மட்டும் முடுக்கி அனுப்பினார்கள். பிறகு அந்தக் குழாயை மாற்ற வேண்டி வந்தபோது கழற்றவே முடியவில்லை. எண்ணெய் அடித்தும், தட்டிப் பார்த்தும், முறுக்கிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் கிரைண்டர் வைத்து அறுத்தோம். அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிக்குழாயில் விரல் பருமனுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் உள்குழாயிலும் அப்படியே இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவத்துக்கு நசுங்கியிருந்தது. நசுங்காத பக்கத்து இடைவெளி வழியாகப் புகை கசிந்து கரிக்கோடு ஓடியிருந்தது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காருக்குள் வந்தாலும் தெரியாது. அதனால் இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

பட்டைக் கிளாம்ப் அப்படிக் கடிப்பதில்லை. அகலமான எஃகுப் பட்டை குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்குகிறது. குழாய் நசுங்காது, போல்ட்டைத் தளர்த்தினால் மறுபடி கழன்று வரும். ஒன்று கடிக்கிறது, மற்றது தழுவுகிறது. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். யூ-போல்ட்டுக்கு ‘லாடக்கவ்வி’ இருக்கட்டும், வடிவமும் லாடம், செய்வதும் கவ்வுவது. பட்டைக் கிளாம்ப்புக்கு ‘பூண்’.

பூண் நாம் புதிதாக உண்டாக்கும் சொல் இல்லை. உலக்கை முனை பிளக்காமல் இருக்கச் சுற்றிப் போடும் இரும்பு வளையத்துக்கு அதுதான் பெயர். எங்கள் பாட்டி ஜெலுத்தோங் வீட்டில் வைத்திருந்த உலக்கையில் மரம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது, பூண் மட்டும் இம்மி அசையவில்லை.

> உலக்கையையே பார்க்காத பிள்ளைகளிடம் உலக்கைப் பூணைச் சொல்லி என்ன பயன்?

சுபாங் தங்கை எழுதியிருந்த இந்தக் கேள்வியை நானும் யோசித்தேன். போன வாரம் பையன்களிடம் ஒரு பாராங் கத்தியைக் காட்டி, பிடியின் வாயில் இருக்கும் வளையத்தைத் தொட்டு, ‘இதுதான் பூண்’ என்றேன். அடுத்த நிமிடம் ஒருவன், “அப்போ ரேடியேட்டர் ஹோஸ்ல இருக்கிறதும் பூண்தானே சார்?” என்று கேட்டான். ஆமாம், அதுவும் பூண்தான். திருகி இறுக்குவதால் ‘திருகுப்பூண்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல் தானாகக் கிளைத்தது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

உலக்கைப் பூண் கழற்றுவதற்கில்லையே என்றும் கேட்டிருந்தீர்கள். ‘பூணுதல்’ என்றால் அணிதல். அணிந்ததைக் கழற்றலாம்.

வெல்டிங்குக்கு ‘பற்றவைப்பு’ ஏற்கனவே வழக்கில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ஆனால் அலுமினியப் பூச்சுள்ள குழாயில் பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும் என்று குறிப்பில் சேர்த்திருக்கிறேன். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லியும் எழுதிவிட்டேன். துரு உள்ளிருந்தும் வரும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு உடனே வீடு திரும்பும் கார்களில் ஒலியடக்கி சூடேறுவதற்குள் இன்ஜின் நின்றுவிடுகிறது, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டிய பொருள் என்பதால், கழற்ற முடிகிற இணைப்பே நல்லது என்பது என் எண்ணம்.

பூண் போடும் முறையையும் இப்படி எழுதியிருக்கிறேன், சொற்கள் ஓடுகின்றனவா பாருங்கள்: “ஒரு குழாய் மற்றதற்குள் 1½ முதல் 2 அங்குலம் நுழைய வேண்டும். பூணைத் தளர்வாக மாட்டி, ஒலியடக்கியை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, எங்கும் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே முடுக்கவும். எடையை ரப்பர் தாங்க வேண்டும், பூண் தாங்கக் கூடாது.”

இரண்டு குழாய் முனைகளிலும் தட்டு வைத்து போல்ட் போடும் முறைக்கு ‘தட்டிணைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். புகை கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட்டுக்குத்தான் எதுவும் சரியாக அமையவில்லை. ‘அடைப்பான்’ என்றால் தண்ணீர்க் குழாய் நினைவுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒரு சொல் தந்தால் அதைப் போட்டு அச்சடிப்பேன், இல்லாவிட்டால் கேஸ்கெட் என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து