டிஎன்பி முடித்துவிட்டு ஊட்டியில் பாடம் எடுக்க முடியுமா?

#1 பைக்காரா

கோத்தகிரிப் பக்கத்துச் செவிலியர் ஒருவருக்காகக் கேட்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் இங்கே முடித்து, என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) எழுதி அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அங்கேயே டிஎன்பி சேரலாமா என்று யோசனை. தெரியாதவர்களுக்கு: டிஎன்பி என்பது நர்சிங் பிராக்டிஸில் வாங்கும் டாக்டர் பட்டம், ஆய்வுக்கான பிஎச்டி வேறு. சில வருடம் கழித்து மலைக்கே திரும்பி நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகச் சேர வேண்டும் என்பது திட்டம். இந்தப் படிப்பு அதற்கு உதவுமா? சண்டை போட்டாலும் விவரத்தோடு போடுங்கள்.

#2 கல்லட்டி36

உதவாது. டிஎன்பி மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை. கேட்டது ஆசிரியர் வேலையைப் பற்றி, அதற்கு இங்கே வாசல் எம்.எஸ்சி. நர்சிங். இந்திய நர்சிங் கவுன்சில் விதியில் உதவிப் பேராசிரியருக்கு எம்.எஸ்சி.யும் 3 ஆண்டு கற்பித்த அனுபவமும் வேண்டும். இணைப் பேராசிரியருக்கு மொத்தம் 8 ஆண்டு, அதில் 5 கற்பித்தல். முதல்வர் நாற்காலிக்கு 15 ஆண்டு. பிஎச்டி இருந்தால் விரும்பத்தக்கது என்று எழுதியிருக்கும். இன்ஸ்பெக்ஷன் நாளில் ஃபைலைப் புரட்டுகிறவர் "எம்.எஸ்சி. சர்டிபிகேட் எங்கே, எந்த ஸ்பெஷாலிட்டி" என்றுதான் கேட்பார். அமெரிக்க வார்டில் பத்து வருடம் நின்றதை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

#3 தொட்டபெட்டா_வார்டு

சார், நீங்க ஃபைலைப் பார்க்கறீங்க, நான் வார்டைப் பார்க்கிறேன். நம்ம காலேஜ்கள்ல பாடம் நடத்த ஆள் இருக்கு. பேஷன்ட் பக்கத்துல நின்னு சொல்லித்தர ஆள்தான் இல்ல. எம்.எஸ்சி. முடிச்ச கையோட டியூட்டரா சேர்ந்து, அப்புறம் வார்டுப் பக்கம் லாக் புக்ல கையெழுத்துப் போட மட்டும் வர்றவங்க எத்தனை பேர்?

டிஎன்பிக்கு பி.எஸ்சி.க்குப் பின்னால குறைஞ்சது 1,000 மணி நேரம் மேற்பார்வையோட கூடிய பிராக்டிஸ் வேணும். 2004ல அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் உயர்நிலை நர்சுகளுக்கு இந்தப் பட்டம்தான் வேணும்னு நிலைப்பாடு எடுத்தது. அங்க மயக்க மருந்து நர்சுகளுக்கு 2022 ஜனவரிக்கு அப்புறம் சேர்றவங்க எல்லாரும் டாக்டர் பட்டத்தோடதான் வெளிய வரணும்னு விதியே வந்தாச்சு. அப்படித் தயாரான ஒருத்தரை "உங்களுக்குக் கட்டம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா நஷ்டம் நம்ம பிள்ளைகளுக்குத்தான்.

#4 அரவங்காடு

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் செவிலியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பள்ளம் வேறு.

அமெரிக்காவில் டிஎன்பிக்கு இரண்டு வழி. எம்எஸ்என் (அங்குள்ள நர்சிங் முதுகலைப் பட்டம்) முடித்தவர் சேர்ந்தால் முழுநேரத்தில் ஒன்றரை, இரண்டு வருடம். பி.எஸ்சி.யிலிருந்து நேரே ஏறினால் மூன்று, நான்கு வருடம். நேரே ஏறும் வழியில் பல பல்கலைக்கழகங்கள் நடுவில் எம்எஸ்என் பட்டம் கொடுப்பதில்லை, கடைசியில் ஒரே சான்றிதழ்தான். இங்கே வந்து நின்றால் கையில் டாக்டர் பட்டம் இருக்கும், முதுகலை இருக்காது. கல்லட்டி சொன்ன எம்.எஸ்சி. கட்டம் காலி. எனவே சேரும் முன்பே "நடுவில் எம்எஸ்என் பட்டம் தனியாகத் தருவீர்களா, டிரான்ஸ்கிரிப்டில் தனியாக வருமா" என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது சமநிலைச் சான்று, அதாவது வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு யுஜிசி 2025ல் புது ஒழுங்குமுறை கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு இனி எல்லாம் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நர்சிங், மருத்துவம், பார்மசி, சட்டம் போலத் தனிக் கவுன்சில் உள்ள படிப்புகள் அதற்குள் வராது. கவுன்சில் வாசலில்தான் நிற்க வேண்டும். 1947 கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023ல் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியிருப்பதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் எது நடைமுறையில் இருக்கிறதோ அந்தப் படிவத்தைத்தான் எடுக்க வேண்டும். பழைய பிடிஎஃப்பை நம்ப வேண்டாம்.

#5 கல்லட்டி36

பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் அரவங்காடு விரித்துச் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. எம்எஸ்என் கையில் இருந்தாலும் டிஎன்பியோடு நின்றுவிட்டால், கல்லூரிக்குள் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற முடியாது. பிஎச்டி மாணவருக்கு வழிகாட்டியாக இருக்கப் பிஎச்டியும் ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். டிஎன்பியில் செய்வது ஆய்வேடு இல்லை, பிராஜெக்ட். ஏற்கெனவே நிரூபணமான ஒரு நடைமுறையை ஒரு வார்டில் கொண்டுவந்து, பிடிஎஸ்ஏ (திட்டமிடு, செய், ஆராய், திருத்து) சுற்று இரண்டு மூன்று ஓட்டி, முன்னும் பின்னும் எண்ணிக்கை காட்டுவது. தேவையான வேலைதான், புதிய அறிவு இல்லை. நேர்முகத்தில் "உங்கள் சாம்பிள் சைஸ் எப்படிக் கணக்கிட்டீர்கள்" என்று கேட்டதும் பாதிப் பேர் திணறுவது இதனால்தான்.

#6 தொட்டபெட்டா_வார்டு

புதிய அறிவு, புதிய அறிவுன்னு சொல்றீங்களே, மலைக்கு எது புதுசு, எது பழசு? ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எல்லா நர்சிங் புத்தகத்திலயும் ஆட்டோகிளேவுக்கு (நீராவியால கிருமி நீக்கற பாத்திரம்) 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிஷம்னு போட்டிருக்கும். பிள்ளைங்க மனப்பாடமா சொல்லும். அந்தக் கணக்கு கடல் மட்டத்துக்கு. ஊட்டி 2,240 மீட்டர். இங்க காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு இல்ல, ஏறக்குறைய 11.2தான். கேஜ் காட்டுற 15 என்பது வெளிக்காற்றுக்கு மேல இருக்கிற அழுத்தம். ஆக உள்ள மொத்தம் 26.2தான் நிக்கும், புத்தகம் நினைக்கிற 29.7 இல்ல. அந்த அழுத்தத்துல நீராவி 117 டிகிரிக்கிட்ட நின்னுடும். நாலு டிகிரிதானேன்னு விட முடியாது. கிருமி சாகிற வேகம் அங்க பாதிக்கும் கீழ போயிடும். 15 நிமிஷத்துல முடியற வேலைக்குக் கிட்டத்தட்ட 40 நிமிஷம் ஆகும்.

சரிபண்ணணும்னா ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்டணும், ஊட்டிக்கு ஏறக்குறைய 18.5 வரும். அந்தப் பாத்திரம் அவ்வளவு தாங்கும்னு தயாரிப்பாளர் எழுதியிருந்தாத்தான் கூட்டலாம். சேஃப்டி வால்வைக் கட்டிவெச்சு ஏத்தறது தற்கொலை. தாங்காதுன்னா நேரத்தை நீட்டி, ஸ்போர் ஸ்ட்ரிப் (வெப்பம் தாங்கற கிருமி வித்து தடவின காகிதம்) போட்டு, வித்து செத்துதான்னு பார்த்து நிரூபிக்கணும். வெப்பநிலையைப் பார்த்து ஓடற தானியங்கி மெஷினுக்கு இந்தக் கவலை இல்ல. பிரஷர் குக்கர் மாதிரி இருக்கிற பழைய மாடலுக்குத்தான்.

இதே கதைதான் கொதிக்கவெச்சுக் கிருமி நீக்கறதுலயும். இங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும்.

#7 கல்லட்டி36

அருமையான விளக்கம். ஆனால் இதற்கு எதற்கு டாக்டர் பட்டம்? பிளஸ் டூ இயற்பியல் போதும்.

#8 தொட்டபெட்டா_வார்டு

தெரிஞ்சிருக்க பிளஸ் டூ போதும். வார்டுல மாத்தி வைக்கறதுக்குத்தான் படிப்பு. கேஜ் பக்கத்துல புது எண்ணை ஒட்டி, சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கிருமி நீக்கற பிரிவு) ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு ஸ்போர் டெஸ்ட் ரிஜிஸ்டர் போட்டு, ஆறு மாசம் கழிச்சு எத்தனை லோடு ஃபெயில்னு காட்டி, சூப்பரின்டென்டன்ட் மாறினாலும் வழக்கம் மாறாம நிலைநிறுத்தறது. நீங்க பிராஜெக்ட்தானேன்னு தள்ளினது இதைத்தான். இதைப் பார்த்து வளர்ற மாணவி புத்தகத்தைச் சந்தேகப்படக் கத்துக்குவா.

#9 பந்தலூர்_சிஸ்டர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கூடலூர், பந்தலூர் பக்கம் அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) அதிகம். நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பது 1952லேயே பதிவானது. மாணவிகளுக்குக் கரைதிறன் சோதனை (ரத்தத்தைக் குழாயில் ஒரு கரைசலோடு கலந்து பார்ப்பது) சொல்லிக்கொடுக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது தெரியுமா? குழாய்க்குப் பின்னால் பிடித்த அட்டையில் கறுப்புக் கோடு தெரியாவிட்டால் "நோய்" என்று அந்த நபரின் மருத்துவ அட்டையில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஒரு மரபணு மட்டும் சுமப்பவரா, நோயாளியா என்று பிரித்துக் காட்டாது. அதற்கு ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கருக்கால ஹீமோகுளோபின் மிச்சமிருப்பதால் இந்தச் சோதனையை நம்பவே கூடாது. தப்பாக எழுதிய ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும்.

இதைப் பக்கத்தில் நின்று திருத்துகிறவர் டிஎன்பியா எம்.எஸ்சி.யா என்பது எங்களுக்கு முக்கியமில்லை. பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்று காகிதத்தில் இருக்கிறது. மலைப் பகுதிக்கு இணைப்பு மருத்துவமனை 50 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்று சலுகையும் உண்டு. சமவெளியில் அது ஒரு மணி நேரம். இங்கே நடுவட்டத்தில் மேகம் இறங்கிவிட்டால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியர் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து, மாணவிகளை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். முதலில் அதைப் பேசுங்கள்.

#10 சீகூர்

காசைப் பற்றி யாரும் வாயே திறக்கலையே. அமெரிக்காவிலயே டிஎன்பி முடிச்சவங்க ஏன் பாடம் நடத்த வர்றதில்ல? நர்ஸ் பிராக்டிஷனரா (நோயைக் கண்டுபிடிச்சு மருந்து எழுதற உயர்நிலை நர்ஸ்) நின்னா நடுத்தர ஆண்டு வருமானம் 1,20,000 டாலருக்கு மேல. நர்சிங் ஆசிரியருக்கு 80,000 டாலரை ஒட்டித்தான். அங்கயே பாடம் எடுக்கறது நஷ்டம்னா, படிப்புக்கு வாங்கின கடனோட ஊட்டிக்கு வந்து எதை வெச்சு அடைப்பாங்க?

#11 அரவங்காடு

சீகூர் சொல்வது சரி. அதனால்தான் அங்கே பலர் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் சான்றைப் புதுப்பிக்க ஒரு வாரியம் 5 ஆண்டில் 1,000 மணி நேர பிராக்டிஸும் 100 மணி நேரத் தொடர்கல்வியும் கேட்கிறது, அதில் 25 மருந்தியல். வாரத்துக்கு நாலு மணி நேரம் என்று வரும். கல்லூரி ஒப்பந்தத்தில் வாரம் ஒரு நாள் பிராக்டிஸ் என்று எழுதி வாங்காதவர்கள் ஐந்தாம் வருடம் முழிக்கிறார்கள்.

அங்கே ஆசிரியர் வேலையே மூன்று தரம். பகுதிநேர கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், கிளினிக்கல் டிராக் (ஆய்வைவிட மருத்துவமனைக் கற்பித்தலை முன்வைக்கும் பதவி) உதவிப் பேராசிரியர், டென்யூர் டிராக் (நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கான வழி). டிஎன்பிக்கு முதல் இரண்டும் எளிது. மூன்றாவதற்கு ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இன்னும் பிஎச்டியைத்தான் பார்க்கின்றன. கல்லட்டிக்கு இது இனிக்கும்.

#12 கல்லட்டி36

இனிக்கிறது 😀. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎன்பிக்கான 2006 வரையறையிலேயே, ஆசிரியராக விரும்புகிறவர்கள் கற்பித்தல் கலையில் கூடுதல் பயிற்சி எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. படிப்பை வகுத்தவர்களே இது ஆசிரியர் பயிற்சி இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல நர்ஸ் எல்லாம் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார்.

#13 தொட்டபெட்டா_வார்டு

பிஎச்டியில மட்டும் கற்பித்தல் கலை சொல்லித்தர்றாங்களா? புள்ளியியல் சொல்லித்தர்றாங்க. வினாத்தாள் எடுக்க, ஓஎஸ்சிஇ (செய்முறைத் தேர்வு) ஸ்டேஷன் அமைக்க, ஃபெயிலாகிற மாணவிகிட்ட உட்கார்ந்து பேச ரெண்டு படிப்புலயும் பாடம் இல்ல. அந்தக் குறையை ரெண்டு பக்கமும் வைங்க.

அடைக்க வழியும் இருக்கு. அமெரிக்காவுல சிஎன்இன்னு நர்சிங் ஆசிரியர் சான்றுத் தேர்வு. நர்சிங் கல்வியில முதுகலையோ, கல்வியியல்ல 9 கிரெடிட் அளவுக்குப் பாடமோ இருந்தா நேரா எழுதலாம். வேற பிரிவு படிச்சவங்க, கடைசி 5 வருஷத்துல 2 வருஷம் நர்சிங் கல்லூரியில வேலை பார்த்திருக்கணும். டிஎன்பி படிக்கும்போதே விருப்பப் பாடமா அந்த 9 கிரெடிட்டை எடுத்துட்டா வேலை முடிஞ்சது.

#14 கல்லட்டி36

அது நியாயமான யோசனை, ஏற்கிறேன். ஆனால் பிராஜெக்ட்டை ஆய்வு என்று எழுதிக்கொண்டு இங்கே வர வேண்டாம். ஸ்குவயர் 2.0 என்ற அறிக்கை எழுதும் நெறிமுறைப்படி, தர மேம்பாட்டு அறிக்கை என்ற பெயரிலேயே வெளியிடட்டும். இந்திய மருத்துவமனையில் செய்வதாக இருந்தால் எதிக்ஸ் கமிட்டி கடிதம் முன்கூட்டியே வாங்கட்டும். தரவு எடுத்த பிறகு வாங்கிய கடிதத்தை எந்த இதழும் ஏற்காது.

#15 அரவங்காடு

பைக்காராவுக்கு இன்னும் இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக நிற்கும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தேதி, மாணவர் எண்ணிக்கை, மணி நேரம், பாடத்தின் பெயர் போட்டுக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் சான்று வாங்கி வைக்கட்டும். "எம்எஸ்என்னுக்குப் பிறகு" என்பது தேதியிலேயே தெரிய வேண்டும். மருத்துவமனையில் புதிய நர்சுகளுக்குப் பிரிசெப்டராக (வேலையிடத்தில் கூட நின்று பழக்குபவராக) இருந்ததைக் கற்பித்தல் அனுபவம் என்று இங்கே நம்பிக் கணக்குப் போட வேண்டாம். இரண்டு, ஊருக்கு வந்து ஆன்லைனில் டிஎன்பி தொடரலாம் என்ற கனவு வேண்டாம். பெரும்பாலான ஆன்லைன் படிப்புகளுக்கும் அமெரிக்க ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமமும், அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் பிராக்டிஸ் மணி நேரமும் கட்டாயம்.

#16 பைக்காரா

எல்லாருக்கும் நன்றி. எம்எஸ்என் தனியாகத் தரும் இடம், 9 கிரெடிட், செமஸ்டர் சான்று, இந்த மூன்றையும் அனுப்பிவிட்டேன். தொட்டபெட்டா, ஒரு சந்தேகம். நம் பக்கத்து லேபில் இருப்பது கேஜில் 20 வரைக்கும் எண் போட்ட ஆட்டோகிளேவ். அப்படியென்றால் 18.5 வைக்கலாமா?

#17 தொட்டபெட்டா_வார்டு

கேஜில் 20 இருக்குன்னு பாத்திரம் 20 தாங்கும்னு அர்த்தம் இல்ல. உடம்புல ஒரு சின்னத் தகடு ஆணியடிச்சிருப்பாங்க, அதுல வேலை அழுத்தம் தனியா, சோதனை அழுத்தம் தனியா போட்டிருக்கும். வேலை அழுத்தம்னு போட்ட எண்ணைப் பாருங்க. துருப்பிடிச்சுப் படிக்க முடியலன்னா 15லயே வெச்சு 40 நிமிஷம் விடுங்க, ஸ்போர் ஸ்ட்ரிப்பை நடுப் பொட்டலத்துக்குள்ள வைங்க. மேல வெச்சா எப்பவும் பாஸ்தான் காட்டும்.