வீணைக் கச்சேரி 430, திரைப்பாடல் 1020: ஃபிளாக் கோப்பில் எது குறை?

வீணைரசிகன்:
என்னிடமுள்ள சிடிகளை, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள், கம்ப்ரஷன் 8. பழைய வீணைக் கச்சேரி ஒன்று 430 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) காட்டுகிறது. புதிய திரைப்பாடல்களோ 1020. சிடி என்றால் 1411 அல்லவா? மீதி எங்கே போயிற்று? இரண்டு அலமாரி சிடிகளையும் மறுபடி எடுக்க வேண்டுமோ என்று கவலையாக இருக்கிறது.

இருதடம்:
ஒன்றையும் மறுபடி எடுக்க வேண்டாம் ஐயா. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள். பெருக்கினால் 1411 வரும். பாட்டு ஓடினாலும் மௌனம் ஓடினாலும் சிடியில் இதே அளவுதான். ஃபிளாக் அப்படியே எழுதாது. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்ததைக் கணித்து, கணிப்பு பிசகிய அளவை மட்டும் எழுதும். மெல்லத் தேயும் தந்தி ஒலியைக் கணிப்பது எளிது. தாளக்கருவிகள் முழங்க, ஒலியளவை உச்சத்திலேயே நெருக்கிவைத்த பாடலில் பிசகு கூடும், கோப்பும் பெரிதாகும். ஒலிக்கும்போது இரண்டும் பழையபடி 1411 ஆக விரிந்துவிடும்.

கம்ப்ரஷன் எண் கணினி எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்குத்தான். 0 வைத்தாலும் 8 வைத்தாலும் ஒலி ஒன்றே.

அந்தக் கச்சேரி மோனோ பதிவா, அதாவது இடமும் வலமும் ஒரே ஒலியா?

வீணைரசிகன்:
ஆம், உறையின் பின்புறம் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இருதடம்:
அப்படியானால் 430 வியப்பே இல்லை. இரு தடங்களும் அச்சாக ஒன்றாயிருந்தால் ஃபிளாக் ஒன்றைத்தான் எழுதும்.

வீணைரசிகன்:
நிம்மதி. இன்னொன்று: பழைய கணினியில் கிடந்த ஒரு ஃபிளாக் 900 காட்டுகிறது, ஆனால் ஜாலராவின் ஓசை மங்கலாகக் கேட்கிறது. ஃபிளாக்கின் சோதனைக் கட்டளை பிழையில்லை என்கிறதே?

ஒலிப்பதிவுக்காரர்:
அந்தச் சோதனை, உருவான பின் கோப்பு சிதையவில்லை என்று மட்டுமே சொல்லும். ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துச் சுருக்கும் எம்பி3 கோப்பைப் பிரித்து ஃபிளாக் ஆக்கியிருந்தாலும் தேறிவிடும். கேபிபிஎஸ் எண்ணும் காட்டிக்கொடுக்காது. ஸ்பெக் மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோடு விழுந்தால் பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3. 320 என்றால் 20,000 அருகே. பழைய நாடாப் பதிவிலும் மேலே ஒன்றும் இல்லாமல் போகலாம், ஆனால் அங்கே படிப்படியாக மங்கும். அப்படி மங்கும் பதிவை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

புளூடூத் ஹெட்போனில் கேட்டு முடிவு கட்டவும் வேண்டாம். எஸ்பிசி என்ற புளூடூத் சுருக்க முறையில் போவது வழக்கமாக 328 கேபிபிஎஸ்தான். கோப்பு எதுவானாலும் வழியில் நசுங்கிவிடும். கம்பியில் கேளுங்கள்.

வீணைரசிகன்:
பார்த்தேன். 16,000இல் நேர்கோடு. அந்த சிடி கைவசம் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கீறல்.

ஒலிப்பதிவுக்காரர்:
அதை மட்டும் ஆக்குரேட்ரிப் வசதியுள்ள மென்பொருளில் எடுங்கள். அதே சிடியைப் பிறர் எடுத்ததோடு ஒப்பிட்டு, எந்தப் பாடல் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிடும்.