சின்னான் காலில் நிற்காத வண்ண வளையம்: வழி சொல்லுங்கள்

பெங்களூரு எலஹங்கா பக்கம், உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த தோட்டம். செம்மீசைச் சின்னான் (புல்புல்) பறவைகளுக்கு வளையமிட்டு, அவை கூடு வைப்பதையும் ஆண்டுக்காண்டு எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதையும் பார்க்கிறோம். வனத்துறை அனுமதி உண்டு. வலது காலில் எண் பொறித்த அலுமினிய வளையம், அதற்கு மேல் ஒரு நிறம். இடது காலில் இரண்டு நிறம். இந்த நிறச் சேர்க்கைதான் ஒவ்வொரு பறவைக்கும் அடையாளம். நிற வளையங்கள் எல்லாம் செல்லுலாய்டு, உள்விட்டம் 2.8 மி.மீ.

ஜனவரியில் போட்டவை ஜூன் மழைக்குள் கழன்றுவிடுகின்றன. போவது பெரும்பாலும் இடது காலின் கீழ் வளையம்தான். புதரடியில் கிடைத்த ஒன்றில் மேல்மடிப்பின் (ஒரு முனை மறு முனைமேல் படியும் இடம்) விளிம்பு வெளிப்பக்கம் வளைந்து, ஓரத்தில் அலகுத் தடம் இருந்தது. ஆக, பறவையேதான் பிரிக்கிறது. மிஞ்சியவற்றில் ஆரஞ்சு வெளுத்து மஞ்சளோடு குழம்புகிறது. ஒரு வளையம் போனாலே அடையாளம் போச்சு. உயிரோடு திரியும் பறவை கணக்கில் செத்ததாகிவிடும், பிழைப்பு விகிதம் பொய்யாகக் குறையும்.

மடிப்பில் ஊசிமுனையால் அசிட்டோன் தொட்டு ஒட்டிப் பார்த்தோம். கொஞ்சம் கூடினாலும் உள்ளே கசிந்து, வளையம் சுழலாமல் கால் செதிலோடு ஒட்டிக்கொள்ளும். தாராளமாக விட முடியாது. சூப்பர் குளூ ஈரத்தில் வெளுத்து உதிர்ந்தது. ஒரு அளவு சின்ன வளையம் காலை இறுக்கும், அந்த யோசனையே வேண்டாம். டார்விக் (ஒருவகை பி.வி.சி. பிளாஸ்டிக்) வளையத்தை வெந்நீரில் இளக்கிப் போட்டதில் நிறம் நின்றது. மடிப்பு மட்டும் பழையபடி விரிந்தது.

சின்னானிலோ, இப்படி வளையத்தைக் கொத்திப் பிரிக்கும் வேறு சிறு பறவையிலோ, இரண்டு பருவமழை தாங்கிய டார்விக் வளையத்தின் மடிப்பை எதை வைத்து ஒட்டினீர்கள்?