நெஞ்சுவலி, இரத்தப் பரிசோதனை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பெருந்துறைப் பக்கம்
"ட்ரோப் நெகட்டிவ்" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போன ஐப்பசி. அப்பாவுக்கு 64 வயது. விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 5 மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி. ஈசிஜியில் ஒன்றுமில்லை, மாரடைப்பா என்று பார்க்கும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இருங்கள் என்றார் டூட்டி டாக்டர். அப்பா கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். "சொசைட்டிக்காரன் ஏழு மணிக்குக் கேனை மூடிருவான், வா சாமி போலாம்." நானும் மறுக்கவில்லை. எட்டு மணிக்கு பனியன் கம்பெனியில் எனக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாட்டுக்கடியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். போசி உருண்டு கட்டுத்தரையெல்லாம் பால். ஓடிப்போய்த் தூக்கினால் முழங்கை மடிப்பில் அந்தப் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே ஒட்டியிருக்கின்றன. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார். அந்தப் பஞ்சுதான் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

காங்கேயத்து மருமகள்
எங்கள் வீட்டில் மாமனார் 46, கொழுந்தனார் 39. இரண்டு பேரும் மாரடைப்பு. என் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் எப்போது பார்த்தாலும் நார்மல், அதனால் தைரியமாக இருந்தோம். கோவையில் ஒரு டாக்டர்தான் லிப்போபுரோட்டீன் ஏ என்று, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கிற ஒரு தனி வகையைப் பார்க்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். 50-க்கு மேல் போனாலே அதிகமாம், இவருக்கு 138. பரம்பரையாக வருவது, எண்ணெயைக் குறைத்தாலும் நடந்தாலும் இறங்காது என்றார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ரிப்போர்ட்டை வாங்கி அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "இத்தனூண்டு எழுத்தா அம்மிணி எம்பட பையனக் கொண்டுட்டுப் போச்சு?" அதற்கு நான் என்ன பதில் சொல்வது? மகனுக்கு 11 வயது, அவனுக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

லேப்காரன், ஈரோடு
பெருந்துறைக்காரரே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டெஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். இதயத் தசை அடிபட்டால்தான் ட்ரோபோனின் இரத்தத்தில் ஏறும். சாதாரண கிட்டில் கோடு விழவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நீங்கள் போனது ஒரு மணி நேரத்தில்! துளியூண்டு ட்ரோபோனினையும் பிடிக்கிற ஹை சென்சிட்டிவிட்டி மெஷின் இருந்தால் ஒன்றிரண்டு மணி இடைவெளியில் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், ஆனால் அங்கும் இரண்டாவது ஊசி உண்டு.

என் அனுபவம் சின்னதுதான். டயாலிசிஸ் பெரியவர் ஒருவருக்கு ட்ரோபோனின் அதிகம் என்று பதறிப்போய் மாடிக்கு ஓடினேன். டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார், அதே எண். கிட்னி கெட்டவர்களுக்கு அப்படித்தான் நிற்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பேச்சு.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் ரிசல்ட்டைப் படிக்கிறார்கள். நெகட்டிவ் என்றால் அடைப்பே இல்லை என்று அர்த்தம் கிடையாது, அந்த நேரத்தில் தசைக்கு அடி தெரியவில்லை, அவ்வளவுதான். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், சில மெஷின்களில் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டிவிடும். காய்ச்சலோடு வந்து, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்எஸ் சிஆர்பி டெஸ்ட் எடுக்காதீர்கள். 10-க்கு மேல் போனால் அது பெரும்பாலும் காய்ச்சலின் கணக்கு, இதயத்தின் கணக்கு இல்லை. நெஞ்சுவலியோடு தயவுசெய்து எங்கள் மாதிரி லேப் வாசலில் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். காங்கேயத்து அக்கா, லிப்போபுரோட்டீன் ஏ பெரும்பாலும் ஆயுளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், பையனுக்கு எடுத்துவிடுங்கள்.

காங்கேயத்து மருமகள்
தெரியும்ங்க. பயம்தான். அதற்கு லேப்பில் மருந்து இருக்கிறதா?

தாராபுரம் மாமா
லேப்காரர் இரத்தத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டார், எனக்கு ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜியைப் பார்த்த உடனே நர்ஸம்மா என் உள்ளங்கையில் 14 மாத்திரையைக் கொட்டினார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டமாம். "இத்தனையுமா அம்மிணி?" என்றேன். "எண்ணாதீங்க, முழுங்குங்க" என்றார். ஈசிஜியிலேயே அட்டாக் தெளிவாகத் தெரிந்தால் ட்ரோபோனினுக்குக் காத்திருக்க மாட்டார்களாம். அதற்குள் 108 வந்துவிட்டது.

பெருந்துறைப் பக்கம்
லேப்காரரே, நான் டெஸ்ட்டையும் குறை சொல்லவில்லை, டாக்டரையும் சொல்லவில்லை. இருக்கச் சொன்னார், வந்தது நாங்கள். நேரம் கேட்டீர்களே, அப்பா டாக்டரிடம் "ராத்திரியிலிருந்தே இருக்குதுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். நாலு மணிக்கு என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவை நாங்கள் கூட்டிப்போகவில்லை, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டும் என்று.