வானத்திலிருந்து விழுந்த கல்

சித்தப்பா: வானத்திலிருந்து விழுந்த கருங்கல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதை வீட்டில் வைத்தால் நோய் அண்டாது என்கிறார்கள். நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். எல்லோரும் பங்கு தர முடியுமா?

அண்ணன்: யார் விற்கிறார்கள், சித்தப்பா?

பெரியப்பா: தம்பி, அவசரப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதே. அப்படிப்பட்ட கற்களைப் பழங்காலத்தவர் வணங்கியது உண்மைதான். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படை இத்தாலியில் நின்றிருந்த கி.மு. 204இல், உரோமையர் இன்றைய துருக்கியான ஆசியா மைனரிலிருந்து, தாய்த்தெய்வமான சிபெலே தேவியின் கரிய கல்லைக் கப்பலில் வரவழைத்து, கி.மு. 191இல் உரோம் நகரின் பாலடைன் குன்றில் கோயிலும் எழுப்பினார்கள். ஒரு கையில் எளிதாக ஏந்தக்கூடிய, உளிபடாத, மேடுபள்ளமான அந்தச் சிறுகல்லைத்தான் சிலையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பதித்திருந்தார்கள்.

சித்தப்பா: போரில் உரோமையர்தானே வென்றார்கள், அண்ணா?

பெரியப்பா: வென்றார்கள். ஆனால் கி.மு. 202இல் சாமா களத்தில் ஹன்னிபாலை முறியடித்தது உரோமைத் தளபதி சிப்பியோவின் படை.

அத்தை: அம்மாவின் செவ்வந்திக்கல் மோதிரத்தையும் காப்புக்கல் என்றுதான் சொன்னார்கள். அது யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை எவரும் வாய் திறக்கவில்லை.

சித்தி: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், அண்ணி.

தங்கை: செவ்வந்திக்கல் போதை ஏறாமல் தடுக்குமாமே, பெரியப்பா?

பெரியப்பா: அது மாகியர் என்ற பாரசீக மந்திரவாதிகளின் பொய் என்று 1ஆம் நூற்றாண்டிலேயே உரோமை எழுத்தாளர் பிளினி எழுதிவிட்டார், அம்மா. என் மனம் நிற்பது கிரேக்கத் திருத்தலமான டெல்பியில் இருந்த கல்லிடம். தன் குழந்தை சீயஸ் என்று எண்ணிக் கிரேக்கப் புராணத்துக் குரோனோஸ் விழுங்கிப் பின் கக்கியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கல்லுக்கு நாள்தோறும் எண்ணெய் வார்த்து, விழாக்களில் நூற்காத கம்பளி சாத்தினார்கள் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் குறித்திருக்கிறார். விவிலியத்தில் வரும் யாக்கோபும் தலைக்கு வைத்துப் படுத்த சாதாரணக் கல்லை, கனவு கண்டு விழித்த பின்னர்த்தான் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்தார். வழிபட்டவர்களின் கைபட்டுப் புனிதமான கற்கள் இவை, தம்பி. முன்பணம் கட்டி அதைப் பெற முடியாது.

அத்தை: கண்ணகிக்காகச் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்ததும் அப்படித்தானே, அண்ணா?

பெரியப்பா: அதேதான். வடபுலம்வரை படையெடுத்துச் சென்று கொண்டுவந்த கல் அது.

அண்ணன்: விற்பவர் யார் என்று இன்னும் சொல்லவில்லையே, சித்தப்பா.

சித்தப்பா: இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.